ஒன்பது இலட்சத்துக்கு ஒரு ஹேண்ட்பேக்: யார் பார்க்க?

போனஸ் காசு கைக்கு வந்திருக்கிறது. அல்லது டுபாயில் இருக்கும் மாமா அடுத்த மாதம் வருகிறார், "என்ன வேணும், சொல்லு பிள்ளை" என்று கேட்டிருக்கிறார். பெயருள்ள ஒரு ஹேண்ட்பேக் வாங்கிவிட வேண்டும் என்று மனம் முடிவெடுத்துவிட்டது. இந்த இடத்தில் நிற்கும் ஒருவருக்குக் கொழும்பில் ஐந்து வழி உண்டு. டியோர், குச்சி, லூயி வித்தோன் போன்ற ஒன்றை வெளிநாட்டில் புதிதாக வாங்குவிக்கலாம். அதையே யாரோ பாவித்து விற்கும்போது வாங்கலாம். புறக்கோட்டையிலோ இன்ஸ்டகிராமிலோ அதன் போலியான கொப்பி எடுக்கலாம். அந்தக் காசில் ஒரு சிறு பங்கைச் செலவழித்து இங்கேயே கையால் செய்த பையை வாங்கலாம். இல்லாவிட்டால் அம்மா சொல்வதைக் கேட்டுச் செட்டியார் தெருவுக்குப் போய் எல்லாவற்றையும் பவுணாக்கலாம்.

ஆடை ஏற்றுமதித் தொழிலில் தரப் பரிசோதனைப் பக்கம் சில வருடம் இருந்தவள் என்பதால், சொந்தக்காரப் பெண்கள் இந்தக் கேள்வியை என்னிடம் கொண்டுவருவார்கள். பெரும்பாலும் இரண்டு விஷயம் கேட்பார்கள். விலைக்கு ஏற்ற தரம் இருக்கிறதா? தைத்தவர்களுக்கு ஒழுங்கான கூலி கிடைத்ததா? இரண்டாவதை அண்மைக் காலத்தில்தான் கேட்கத் தொடங்கியிருக்கிறார்கள். நான் திருப்பிக் கேட்பது வேறொன்று: இந்தப் பையை யார் பார்க்க வேண்டும் என்று வாங்குகிறீர்கள்? கொஞ்சம் கோபம் வரும். "எனக்காகத்தான்" என்பார்கள். இருக்கலாம். ஆனால் அதற்கு நேர்மையான பதில் கிடைக்காமல் ஐந்தையும் ஒப்பிட வழியில்லை. தரம், நியாயம், பெயர் மூன்றும் ஒரே பையில் சேர்ந்து வருவது அபூர்வம். எதை விட்டுக்கொடுக்கலாம் என்பது அந்தப் பதிலில்தான் இருக்கிறது.

53 யூரோ

முதலில் புதுப் பையை எடுத்துக்கொள்வோம். 2024 ஜூனில் மிலான் நீதிமன்றம், டியோருக்குப் பை செய்யும் இத்தாலியத் துணை நிறுவனம் ஒன்றை, தான் நியமித்த நிர்வாகியின் கண்காணிப்பில் வைத்தது. விசாரணையில் வெளிவந்த ஒரு கணக்கு உலகம் முழுவதும் பேசப்பட்டது. கடையில் 2,600 யூரோவுக்கு விற்கும் பையொன்றைத் தைத்துப் பொருத்திக் கொடுத்த பட்டறைக்குக் கிடைத்தது 53 யூரோ. தோல் முதலிய மூலப்பொருள் இதில் சேராது, அது உண்மை. இருந்தாலும் யூரோவை 350 ரூபா என்று வைத்துப் பாருங்கள்: 910,000 ரூபாப் பைக்குச் செய்கூலி 18,550 ரூபா. அதே வருடம் ஏப்ரலில் அர்மானியின் துணை நிறுவனத்துக்கும் இதே நிலை. அங்கே பட்டறைக்கு 93 யூரோ, இடையில் நின்ற ஒப்பந்தக்காரர் அர்மானிக்கு விற்றது 250 யூரோ, கடை விலை ஏறத்தாழ 1,800 யூரோ. 2025 இல் வாலன்டினோவின் பை செய்யும் நிறுவனமும் லோரோ பியானாவும் இந்த வரிசையில் சேர்ந்தன.

மிலானைச் சுற்றியுள்ள அந்தப் பட்டறைகளில் வேலை செய்தவர்கள் பெரும்பாலும் சீனக் குடியேறிகள். பட்டறையிலேயே படுத்து எழும்பினார்கள். வேகமாக வேலை நடப்பதற்காக இயந்திரங்களின் பாதுகாப்புக் கருவிகள் கழற்றப்பட்டிருந்தன. மின்சாரப் பாவனைக் கணக்கை எடுத்துப் பார்த்தபோது இரவிலும் விடுமுறை நாட்களிலும் இயந்திரம் ஓடியிருந்தது. பெரிய நிறுவனங்கள் தாங்களே இதைச் செய்தன என்று நீதிமன்றம் சொல்லவில்லை. கவனிக்க வேண்டியவர்கள் கவனிக்கவில்லை என்றுதான் சொன்னது. டியோர், அர்மானி இரண்டும் தங்கள் கண்காணிப்பு முறைகளைத் திருத்திக்கொண்ட பிறகு 2025 தொடக்கத்தில் அந்த உத்தரவு நீக்கப்பட்டது.

ஆடைத் தொழிற்சாலைகள் நிறைந்த கட்டுநாயக்கவை அறிந்த எவருக்கும் இதில் அதிர்ச்சி இருக்காது என்று நினைக்கிறேன். ஓர்டர் கொள்ளளவை மீறி வரும், ஷிப்மென்ட் திகதி நகராது, அப்போது ஒரு பகுதி வேலை வெளியே சின்னப் பட்டறைக்குப் போகும். ஓடிட் செய்ய வருபவர் பார்ப்பது பெயர்ப் பலகை உள்ள கட்டடத்தை. வெளியே போன வேலை எங்கே முடிந்தது என்பது கோப்பில் இருக்காது. பாரிஸ் பெயருக்கும் சரி, அமெரிக்க உள்ளாடைப் பெயருக்கும் சரி, தொழிலின் வயிறு ஒன்றுதான். "மேட் இன் இட்டலி" என்ற லேபலும் பொய்யல்ல. ஒரு பொருள் கடைசியாகக் கணிசமான அளவில் உருமாறிய நாடு எதுவோ அதுவே பிறந்த நாடு என்பது ஐரோப்பியச் சுங்க விதி. எங்கே என்பதை லேபல் சொல்லும். யார், எப்படி என்று அதில் எழுதியிராது.

அப்படியென்றால் மிச்சக் காசு எங்கே போகிறது? டியோரையும் லூயி வித்தோனையும் வைத்திருக்கும் எல்விஎம்எச் குழுமத்தின் மொத்த இலாப விகிதம் விற்பனையில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு. அதில் இருந்துதான் பாரிஸின் விலையுயர்ந்த தெருக்களில் கடை வாடகை, நட்சத்திரங்களை வைத்து விளம்பரம், ஃபேஷன் ஷோ எல்லாம். அதாவது நீங்கள் கொடுக்கும் காசின் பெரும் பகுதி அந்தப் பெயரை உயரத்தில் தூக்கி வைத்திருப்பதற்குச் செலவாகிறது. பெயர் இறங்கிவிடக் கூடாது என்பதற்காக எவ்வளவு தூரம் போவார்கள் என்பதற்கு பிரித்தானியப் பிராண்டான பர்பரி ஓர் உதாரணம்: 2018 மார்ச்சில் முடிந்த நிதியாண்டில் மட்டும் 28.6 மில்லியன் பவுண்டு பெறுமதியான விற்காத சரக்கை அழித்தது. மலிவு விலையில் தெருவுக்கு வந்துவிடக் கூடாதாம். எதிர்ப்பு வந்ததும் அதே வருடம் நிறுத்தியது. பிரான்ஸ் 2022 இல் இருந்து இப்படி அழிப்பதைச் சட்டத்தாலேயே தடுத்திருக்கிறது.

விலையேற்றத்தையும் பாருங்கள். ஷனேலின் நடுத்தர அளவு ஃபிளாப் பை 2019 இல் அமெரிக்காவில் 5,800 டொலர் அளவில் இருந்தது. 2024 இல் 10,000 டொலரைத் தாண்டிவிட்டது. ஐந்து வருடத்தில் ஆட்டுத்தோல் இரண்டு மடங்கு நல்லதாகிவிடவில்லை.

தரம் என்று ஒன்று இருக்கத்தான் செய்கிறது

இதைச் சொல்லிவிட்டு "எல்லாம் ஏமாற்று" என்று முடித்துவிட முடியாது. ஹெர்மேஸின் பிர்க்கின் பையை ஒரே கைவினைஞர் தொடக்கம் முதல் கடைசி வரை செய்கிறார். மெழுகு பூசிய ஒரு நூலின் இரு முனையிலும் இரண்டு ஊசி கோத்து, ஒவ்வொரு துளையிலும் இரு பக்கத்தில் இருந்தும் குத்தித் தைப்பார். ஒரு தையல் அறுந்தாலும் பக்கத்துத் தையல் பிடித்துக்கொள்ளும். இயந்திரத் தையலில் மேல் நூலும் அடி நூலும் ஒன்றையொன்று கொக்கி போட்டு நிற்பதால் ஓரிடத்தில் அறுந்தால் பிரிந்துகொண்டே போகலாம். இந்த வித்தியாசம் கண்ணால் காணக்கூடியது, கையால் தொடக்கூடியது, அதற்கு விலை கொடுப்பதில் ஓர் அர்த்தம் இருக்கிறது.

ஆனால் நம்மவர்கள் அதிகம் ஆசைப்படுவது அந்தப் பை இல்லை. லூயி வித்தோனின், எல்வி எழுத்துச் சின்னம் நிறைந்த மொனோகிராம் பைதான். 1896 இல் வந்த அந்த வடிவம் அச்சிடப்பட்டிருப்பது தோலில் என்று நினைத்திருப்பவர்கள் பலர். அது மேற்பூச்சுப் போட்ட பருத்திக் கன்வஸ். கெட்டியானது, மழைக்குப் பயப்படாதது, நெடுநாள் உழைக்கும். கைப்பிடியும் ஓரமும்தான் தோல். கொடுக்கும் காசு தோலுக்கு என்று நினைத்துக்கொண்டு கொடுக்காமல் இருந்தால் சரி.

தரத்தைப் பற்றி கொழும்புக்காரருக்கு இன்னொருவர் பாடம் எடுக்கத் தேவையில்லை என்பது என் எண்ணம். ஏற்றுமதியில் மிஞ்சிய சட்டையை லேபல் வெட்டிய நிலையில் வாங்கி வளர்ந்த ஊர் இது. அமெரிக்காவில் ஐம்பது டொலருக்குத் தொங்கும் அதே துணி, அதே தையல், அதே பொத்தான், கழுத்தில் பாதி வெட்டிய லேபலோடு புறக்கோட்டை நடைபாதையில் கிடக்கும். லேபல் இருக்கும்போதும் வெட்டிய பிறகும் சட்டை ஒன்றுதான் என்பதை நம் வீட்டுப் பெண்கள் பேரம் பேசியே தெரிந்துகொண்டார்கள். ஹேண்ட்பேக் என்றதும் மட்டும் அந்த அறிவு எங்கே போகிறதோ தெரியவில்லை.

அப்புறம், பிராண்டுகளின் விளம்பரத்தில் வராத ஒரு விஷயம்: நம் ஊர்க் காற்று. பாரிஸில் இருபது வருடம் நிற்கும் பை வெள்ளவத்தையில் அப்படி நிற்காது. ஈரப்பதம் 70 சதவீதத்துக்கு மேல் போனால் தோலில் பூஞ்சணம் பிடிக்கத் தொடங்கும்; கொழும்பில் பெரும்பாலான நாட்கள் அப்படித்தான். பொலியூரித்தேன் என்ற பிளாஸ்டிக் பூசிய உள் துணியும் செயற்கைத் தோலும் ஈரத்திலும் சூட்டிலும் வேதியியல் முறையில் சிதைந்து, முதலில் பிசுபிசுக்கும், பிறகு செதில் செதிலாக உதிரும். அலமாரியில் பத்திரமாக வைத்த பைதான் இப்படிப் போகும், அதுதான் கொடுமை. தோல் ஓரங்களில் பூசும் வர்ணம் வெக்கையில் இளகும். மொனோகிராம் பையின் கைப்பிடிக்குப் போடும் மேற்பூச்சில்லாத வெளிர் தோலில் ஒரு மழைத்துளி விழுந்தால் கறைதான். மரைன் டிரைவ் பக்கம் வீடென்றால் உப்புக் காற்று பித்தளைக் கொக்கியையும் ஸிப்பையும் கறுக்க வைத்துவிடும். "வேகன் லெதர்" என்று மிருகங்களுக்காக இரக்கப்பட்டு வாங்குவது பெரும்பாலும் இந்தப் பொலியூரித்தேன்தான். கொழும்பில் அதற்கு ஆயுள் மிகக் குறைவு, உதிர்ந்த பிறகு அது பிளாஸ்டிக் குப்பை.

பழுதானால் என்ன செய்வது என்பதும் இதோடு சேர்ந்த கேள்வி. லூயி வித்தோனுக்கோ ஹெர்மேஸுக்கோ கொழும்பில் சொந்தக் கடை இல்லை. சிங்கப்பூருக்கோ டுபாய்க்கோ யாராவது போகும்போது கொடுத்தனுப்ப வேண்டும். புதுப் பையின் விலையில் "வாங்கிய பின் பராமரிப்பு" என்று ஒரு பங்கு இருக்கிறதல்லவா, அந்தப் பங்கை நாம் கொடுக்கிறோம், ஆனால் அனுபவிப்பதில்லை.

யார் பார்க்க?

பார்த்ததும் வசதி தெரியட்டும் என்று வாங்குவதை, தோர்ஸ்டைன் வெப்லன் என்ற அமெரிக்கப் பொருளியலாளர் 1899 இலேயே எழுதிவைத்துவிட்டார். விலை கூடினால் விருப்பம் குறைய வேண்டும் என்ற கணக்கு இப்படிப்பட்ட பொருட்களுக்குப் பொருந்துவதில்லை. விலைதான் அங்கே கவர்ச்சி. இதை இன்னும் நுணுக்கமாகப் பார்த்த ஓர் ஆய்வு 2010 இல் வந்தது. ஒரே பிராண்டுக்குள் பைகளை வரிசைப்படுத்திப் பார்த்தார்கள். விலை ஏற ஏறச் சின்னம் சிறிதாகிறது. மிக வசதியானவர்கள் தங்களுக்குள் மட்டும் அடையாளம் தெரிந்தால் போதும் என்று நினைக்கிறார்கள். சின்னம் பெரிதாகத் தெரிய வேண்டும் என்பவர்கள் புதிதாக வசதி வந்தவர்கள். கொப்பி செய்பவர்கள் எதை நகல் எடுக்கிறார்கள்? பெரிய சின்னம் உள்ளதைத்தான்.

இதைக் கொழும்புக்குக் கொண்டுவாருங்கள். பம்பலப்பிட்டி சரஸ்வதி மண்டபத்தில் ஒரு கல்யாணம். மாமிமார் பார்க்கும் ஒழுங்கு எனக்கு மனப்பாடம்: கழுத்து, காது, கை, பிறகு சேலையின் கரை. பை கடைசி, அதுவும் பெரும்பாலும் குழந்தையின் பால் போத்தல் எங்கே இருக்கிறது என்று தேடும்போது. சின்னமே இல்லாத எட்டு இலட்ச ரூபா இத்தாலியப் பையை அங்கே கொண்டுபோனால் "எங்க எடுத்தனீங்கள், நோலிமிட்டிலயா?" என்று உள்ளூர்த் துணிக்கடையின் பெயரைச் சொல்லி அன்பாகக் கேட்பார்கள். உலக வர்த்தக மையத்து ஒபிஸ் லிஃப்டில் அதே பையைக் கண்டுகொள்ளும் ஓரிருவர் இருப்பார்கள். லண்டனில் இருந்து லீவுக்கு வரும் மச்சாள் ஒரே பார்வையில் மாடலையும் வருடத்தையும் சொல்லிவிடுவாள். பார்ப்பவர் மாறினால் பையின் பெறுமதியும் மாறுகிறது. அதனால்தான் அந்தக் கேள்வியை முதலில் வைத்தேன்.

கேட்காமல் விடுவதிலும் ஒரு மனக்கணக்கு இருக்கிறது. 2005 இல் வெளிவந்த ஓர் ஆய்வில், மேசை வாங்குபவர்களிடம் அதன் மரம் அழிந்துவரும் மழைக்காட்டில் இருந்து வந்ததா என்ற தகவலைக் கொடுத்தால் அதைக் கணக்கில் எடுத்தார்கள். தாங்களாகக் கேட்கச் சொன்னால் கேட்கவில்லை. அதிலும் காட்டைப் பற்றி அக்கறை கூடியவர்கள்தான் தவிர்த்தார்கள், தெரிந்தால் மனம் நோகும் என்பதால். நல்ல மனம் உள்ளவர்கள் கேள்வி கேட்க மாட்டார்கள் என்பதை நம்பித்தான் பாதி வியாபாரம் நடக்கிறது.

கொப்பி

இதை விரைவாக முடித்துவிடலாம், எனக்கு இதில் சந்தேகமே இல்லை. "பிராண்டும் ஏமாற்றுகிறது, அப்படியென்றால் கொப்பி வாங்கினால் என்ன?" என்பது கேட்க நன்றாக இருக்கும் வாதம். மிலான் பட்டறை எப்படிப் பிடிபட்டது என்று யோசியுங்கள். அங்கே ஒரு சட்டம் இருந்தது, பொறுப்புக் கேட்க ஒரு பெயர் இருந்தது. கொப்பிப் பட்டறைக்கு எந்தப் பெயரும் இல்லை; அங்கே யார், எந்த வயதில், என்ன கூலிக்கு இருக்கிறார்கள் என்று கேட்கவே ஆளில்லை. நியாயத்துக்காகக் கொப்பி வாங்குகிறேன் என்பதற்கு இதைவிட மோசமான இடம் கிடையாது. 2021 இல் உலகில் கைமாறிய போலிப் பொருட்களின் பெறுமதி 467 பில்லியன் டொலர் என்று பொருளாதார ஒத்துழைப்பு மற்றும் மேம்பாட்டு அமைப்பான ஓஇசிடி கணக்கிட்டிருக்கிறது, சிறு வியாபாரம் அல்ல.

இலங்கையில் 2003 இன் 36 ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டத்தின்படி போலிச் சின்னத்தோடு வியாபாரம் செய்வது குற்றம். இங்கே வாங்கியவரை யாரும் தேடி வருவதில்லை. ஆனால் இத்தாலியில் வாங்கியவருக்கே 7,000 யூரோ வரை அபராதம் போடலாம். ரோமில் தெருவோரம் மலிவாகக் கிடைக்கிறதே என்று கை நீட்டும் நம் சுற்றுலாக் கோஷ்டிகள் இதைத் தெரிந்துவைத்திருப்பது நல்லது. தரம்? ஏ கிரேட் கொப்பி என்று 25,000 ரூபாவுக்குக் கொடுப்பது பெரும்பாலும் பொலியூரித்தேன். மேலே சொன்ன அதே உதிர்தல். அந்தக் காசுக்குப் பெயரில்லாத நல்ல தோல் பையே கிடைக்கும்.

பாவித்தது

பெயர் வேண்டும், அதேநேரம் புதிதாக ஒரு பட்டறைக்கு ஓர்டர் போகவும் கூடாது என்றால் இதுதான் சரியான வழி. ஏற்கெனவே செய்து முடித்த பை. விலையும் இறங்கியிருக்கும். "ஹேண்ட்பேக் ஒரு முதலீடு" என்று சொல்லி விற்கிறார்கள், அதை நம்ப வேண்டாம். ஹெர்மேஸின் சில மாடல்களும் ஷனேலின் ஓரிரண்டும் விலை இறங்காமல் நிற்பது உண்மை. பிர்க்கின் பைக்குப் பெயர் தந்த நடிகை ஜேன் பிர்க்கின் தானே பாவித்த முதல் பை 2025 ஜூலையில் பாரிஸ் ஏலத்தில் 8.6 மில்லியன் யூரோவுக்குப் போனது. அது அருங்காட்சியகப் பொருள். மற்றப் பைகள் கடை வாசலைத் தாண்டியதுமே விலை இழக்கின்றன. விற்பவருக்கு அது நட்டம், வாங்குபவருக்கு இலாபம்.

பிரச்சினை, உண்மையானதா என்பதுதான். நாம் ஜப்பான் ரீகண்டிஷன் கார் வாங்கும்போது காரின் நிலையைக் குறித்த ஓக்ஷன் ஷீட் இல்லாமல் முன்பணம் கொடுப்பதில்லை. பைக்கு மட்டும் இன்ஸ்டகிராம் படத்தையும் "அக்கா, பெட்டி, பில் எல்லாம் இருக்கு" என்ற வாட்ஸ்அப் செய்தியையும் நம்பி இலட்சக்கணக்கில் அனுப்புகிறோம். பெட்டியும் பில்லும் கொப்பிக்காரர்களும் கொடுக்கிறார்கள். லூயி வித்தோன் 2021 மார்ச் வரை பைக்குள்ளே திகதிக் குறியீடு அடித்தது, அதன் பிறகு மைக்ரோசிப். ஷனேலும் 2021 இல் ஸ்டிக்கரில் இருந்து மைக்ரோசிப் வைத்த உலோகத் தகட்டுக்கு மாறியது. ஆகவே "போன வருஷம் எடுத்தது" என்று சொல்லும் பையில் பழைய முறைக் குறியீடு இருந்தால் கதையில் எங்கோ ஓட்டை இருக்கிறது.

நேரில் பார்க்காமல் வாங்க வேண்டாம். உள்ளே மூக்கை வைத்து மணந்து பாருங்கள், பூஞ்சணம் முதலில் மணக்கும், பிறகுதான் தெரியும். உள் பொக்கட்டில் விரலை அழுத்தி எடுங்கள். பிசுபிசுத்தால் விட்டுவிடுங்கள், அதைத் திருத்த முடியாது. கைப்பிடி பையோடு சேரும் இடத்தைத் திருப்பிப் பாருங்கள், பாரம் முழுக்க அங்கேதான் விழுகிறது. பக்கத்துப் பக்கமாக இரண்டு கைப்பிடித் தையல்களையும் எண்ணினால் நல்ல பையில் எண்ணிக்கை ஒன்றாக இருக்கும். தரப் பரிசோதனையில் நாங்கள் ஒரு அங்குலத்துக்கு எத்தனை தையல் என்று எண்ணியது போலத்தான், பெரிய வித்தை ஒன்றும் இல்லை. கொழும்பில் பல வருடம் அலமாரியில் இருந்த பையைவிட, ஜப்பானிலோ ஐரோப்பாவிலோ இருந்து அண்மையில் வந்ததை எடுப்பது நல்லது.

உள்ளூர்

பேர்ஃபூட் என்ற பெயரை அறியாத கொழும்புக்காரர் இல்லை. பார்பரா சன்சோனி 1960களில் தொடங்கியது. காலி வீதிக் கடையில் தறியில் நெய்த, கடும் நிறங்கள் ஒன்றோடொன்று சண்டை போடாமல் நிற்கும் துணிகள். குருநாகல் பக்கத்து வந்துராகலயில் 1991 இல் ஆரம்பித்த செலின், உலக நியாய வணிக அமைப்பின் உத்தரவாதம் பெற்ற கைத்தறி நிறுவனம். அதாவது கூலியையும் வேலைச் சூழலையும் வெளியார் ஒருவர் வந்து பார்க்கிறார். கிழக்கில் மருதமுனை நெசவாளர்கள் சாரமும் சேலையும் நெய்கிறார்கள். தோலுக்குக் கொழும்பில் சின்னப் பட்டறைகள் இருக்கின்றன, சொல்லி வைத்தால் அளவுக்குச் செய்து தருவார்கள். எல்லாம் சேர்த்தும் புது டியோர் பையின் விலையில் ஒரு மூலைக்கு வராது.

ஆனால் "உள்ளூர்" என்றதும் நியாயம் தானாக வந்து ஒட்டிக்கொள்வதில்லை. 2006 இல் இலங்கை ஆடைத் துறை "குற்ற உணர்வில்லா ஆடை" என்ற பொருளில் ஒரு பிரசாரத்தையே நடத்தியது. சிறுவர் வேலை இல்லை, கட்டடம் ஒழுங்கு, அதெல்லாம் சரி, பக்கத்து நாடுகளோடு ஒப்பிட்டால் பெருமைப்படலாம். கூலியைப் பற்றிக் கேட்டால் பேச்சு மெதுவாகிவிடும். தேசிய குறைந்தபட்ச மாதச் சம்பளம் 2025 ஏப்ரலில்தான் 27,000 ரூபாவாக உயர்ந்தது. அந்த டியோர் பையின் விலையை அதால் வகுத்துப் பாருங்கள், அப்போதைய கணக்கில் கிட்டத்தட்ட 34 மாதச் சம்பளம். வீட்டில் இருந்து துண்டுக் கணக்கில் நெய்யும், தைக்கும் பெண்களுக்கு அந்தக் குறைந்தபட்சமும் பல நேரம் எட்டாது.

ஆகவே கடையில் ஒரு கேள்வி கேளுங்கள்: செய்பவர்களுக்கு ஊழியர் சேமலாப நிதி, அதாவது ஈபிஎஃப், கட்டுகிறீர்களா? முதலாளி பக்கம் 12 சதவீதம், தொழிலாளி பக்கம் 8. கட்டுபவர் உடனே ஆம் என்பார். கட்டாதவர் "அவங்கள் குடும்பம் மாதிரி" என்று தொடங்குவார். எந்தச் சான்றிதழையும் விட இந்தக் கேள்வி எனக்குப் பயன்பட்டிருக்கிறது. மிலானில் இருக்கும் பட்டறையிடம் இதை நம்மால் கேட்க முடியாது, மகரகமையில் கேட்க முடியும். உள்ளூரின் பெரிய வசதி அதுதான்.

தோலைப் பற்றியும் ஒரு வார்த்தை. குரோமியத்தில் பதப்படுத்துவதன் விலையைத் தமிழர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. வாணியம்பாடி, ஆம்பூர், ராணிப்பேட்டை தோல் தொழிற்சாலைகளின் கழிவு பாலாற்றை என்ன செய்தது என்பது 1996 இல் இந்திய உச்ச நீதிமன்றத் தீர்ப்பிலேயே இருக்கிறது. நம் ஊர்ப் பட்டறையின் தோலும் பல நேரம் இறக்குமதிதான். தாவரச் சாற்றில் பதப்படுத்தியதா என்று கேட்டு வாங்கலாம்; விலை கொஞ்சம் கூடும், நிறம் வருடத்தோடு கருமையாகும், அதை வடிவு என்று நினைப்பவருக்குத்தான் அது சரி. தோலே வேண்டாம் என்றால் கெட்டியான கைத்தறித் துணிப் பை, செயற்கைத் தோலைவிடப் பல மடங்கு நல்லது.

தரத்தில் உள்ளூர்ப் பை எங்கே சறுக்கும்? தைப்பதில் அல்ல, இங்கே தையல் தெரிந்த கைகளுக்குக் குறைவில்லை. கொக்கி, ஸிப், உள் துணி, இந்த மூன்றிலும்தான். மலிவான ஸிப் ஒன்று நல்ல பையைக் கொன்றுவிடும். நல்ல ஸிப் போட்டுத் தரச் சொல்லி மேலதிகமாக ஆயிரம் இரண்டாயிரம் கொடுங்கள்.

பவுண்

அம்மாவின் வாதம் பலமானது. வங்கியின் அடகுப் பிரிவு தங்கத்தை எடுக்கும், ஹேண்ட்பேக்கை எடுக்காது. 2022 இல் டொலர் 200 ரூபாவில் இருந்து 360 வரை போன மாதங்களில், வளையல் வைத்திருந்த வீடுகள் சமாளித்த விதத்தை எல்லோரும் பார்த்தோம். செய்கூலியும் சேதாரமும் போனாலும் அடிப்படைப் பெறுமதி நிற்கும். சரஸ்வதி மண்டபத்து மாமிமார் பார்க்க வேண்டும் என்பதுதான் உண்மையான நோக்கம் என்றால், பையில் ஒரு ரூபாவும் போட வேண்டாம், நேரே செட்டியார் தெருவுக்குப் போங்கள். ஒரே ஒரு சங்கடம்: பைக்கு ஆயிரம் நியாயக் கேள்வி கேட்கும் நாம், தங்கம் எந்தச் சுரங்கத்தில் இருந்து வந்தது என்று ஒரு கடையிலும் கேட்டதில்லை. சிறு அளவில் தங்கம் எடுக்கும் இடங்களில் பாவிக்கும் பாதரசம்தான் உலகில் மனிதரால் காற்றில் கலக்கும் பாதரசத்தின் மிகப் பெரிய பங்கு.

என் தீர்ப்பு

நியாயம்தான் முக்கியம் என்றால் உள்ளூர், ஈபிஎஃப் கேள்வியோடு. லண்டன் மச்சாள் கண்ணில் படவேண்டும், ஒபிஸில் தெரிய வேண்டும் என்றால் வெட்கப்பட ஒன்றுமில்லை, பாவித்ததை எடுங்கள். சின்னம் சிறிதாக உள்ள பழைய மாடலாக எடுத்தால் கொப்பிச் சந்தேகமும் குறையும். எனக்காக, வருடக்கணக்கில் பாவிக்க என்றால் அளவுக்குச் சொல்லிச் செய்த உள்ளூர்த் தோல் பை, நல்ல ஸிப்போடு. புதுப் பையை நான் யாருக்கும் சொல்வதில்லை. ஆனால் முழுக் காசும் கையில் இருந்து, கிரெடிட் கார்டில் 24 மாதத் தவணை போடாமல், அந்தக் கடைக்குள் போய் வெள்ளைக் கையுறைக்காரர் எடுத்துக் காட்டும் அந்த அரை மணித்தியாலத்துக்காகவே வாங்குகிறேன் என்று ஒருவர் நேர்மையாகச் சொன்னால், வாங்கட்டும். அதுவும் ஒரு சுகம்தான்.

எதை வாங்கினாலும் பிளாஸ்டிக் உறையில் போட்டு மூடி வைக்க வேண்டாம். துணி உறையில், உள்ளே பழைய காகிதமும் சிலிக்கா ஜெல் பைக்கற்றும் வைத்து, சுவரை ஒட்டாத தட்டில் வையுங்கள். வாரத்துக்கு ஒரு தடவையாவது வெளியே எடுத்துப் பாவியுங்கள். கடற்கரைப் பக்கம் இருப்பவர்கள் கொக்கிகளை உலர்ந்த துணியால் துடைக்க வேண்டும். பெட்டி, பில், கார்ட் மூன்றையும் பையோடு சேர்க்காமல் வேறு இடத்தில் வையுங்கள், விற்கும் நாளில் தேவைப்படும்.